மூங்கில் முதுகு ஒட்டிய ரிகர்வ் வில்: வயிற்றுப் பக்கம் சுருக்கம் விழுந்துவிட்டது, எங்கே தவறினேன்?

குற்றாலச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்து ஒரு ரிகர்வ் வில் (முனைகள் எய்பவரை விட்டு விலகி முன்னோக்கி வளைந்திருக்கும் வகை) செய்தேன், ஆசை ஆசையாகச் செய்தது, போன வாரம் அதன் வயிற்றில் கோடு விழுந்துவிட்டது. என்ன நடந்தது என்று முழுதாக எழுதுகிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மொத்த நீளம் 64 அங்குலம். அம்பு எய்பவரைப் பார்க்கும் பக்கத்துக்கு (வயிறு என்றுதானே சொல்கிறோம்) பழைய வீட்டுக் கதவு நிலையில் இருந்து எடுத்த தேக்கு. ஐம்பது வருடக் கட்டை, நன்றாகக் காய்ந்தது, நார் நேராக ஓடுகிறது, இதைவிட நல்ல மரம் கிடைக்காது என்று நினைத்தேன். முதுகுக்கு எங்கள் தோட்டத்து வேலி ஓரம் நிற்கும் முள் மூங்கிலில் ஒரு பட்டை, 5 மில்லிமீட்டர் தடிமன், இந்த முனையில் இருந்து அந்த முனை வரை ஒரே சீராக இழைத்தேன். தோல் பக்கம் கை வைக்கவில்லை, உள்பக்கம் மட்டும்தான் இழைத்தேன். இரண்டையும் எபாக்சி போட்டு ஒட்டினேன். பலகையில் கட்டி முனைகளை 2 அங்குலம் முன்னோக்கி வளைத்தபடி காயவிட்டேன்.

28 அங்குல இழுவையில் (நாணை அவ்வளவு தூரம் இழுத்துப் பிடிக்கும்போது) 18 கிலோ, அதாவது 40 பவுண்ட் வரவேண்டும் என்பது திட்டம். 24 அங்குலம் இழுத்தபோது ஒரு சின்னச் சத்தம். இறக்கிப் பார்த்தால் கைப்பிடியில் இருந்து ஏழெட்டு அங்குலம் தள்ளி, வில்லின் இரண்டு கையிலும் (பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகள்), தேக்கின் மேல் குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள். நகத்தால் தடவினால் தெரிகிறது. மூங்கிலில் ஒரு கீறல்கூட இல்லை. நாணைக் கழற்றினால் வில் நேராகவும் வருவதில்லை, ஒட்டும்போது கொடுத்த வளைவு எல்லாம் போய், நாண் பக்கமாகவே ஓர் அங்குலம் வளைந்து நிற்கிறது.

ஒட்டும்போது வில் முழுக்கக் கொடுத்த வளைவுதான் அது, நுனிகளை மட்டும் தனியாக இன்னும் வளைக்கவே இல்லை. ஆவியில் வைத்து ரிகர்வ் ஆக்கலாம் என்று விட்டு வைத்திருந்தேன். என் கேள்விகள்: இந்த வில்லைக் காப்பாற்ற முடியுமா? தேக்கு ஆகாதா? ஒட்டிய பிறகு முனையை ஆவியில் வளைக்கலாமா?


இழைப்புளி எழுதியது:

தம்பி, முதலில் மனசு தளராதீர்கள். உடையாமல் கோடு விழுந்த வில் நல்ல வாத்தியார், எங்கே தாங்கவில்லை என்று இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டது. என்னிடம் இப்படி நான்கு கிடக்கின்றன, ஒன்றையும் தூக்கிப் போடவில்லை.

நீங்கள் மரத்தைத் தப்பாக எடுத்தீர்கள் என்பதைவிட மூங்கிலைத் தடிமனாக விட்டீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். வில் வளையும்போது முதுகு இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது, நடுவில் எங்கோ ஓர் இடம் இரண்டும் இல்லாமல் சும்மா இருக்கிறது. மூங்கிலின் பலம் முழுக்க இழுபடுவதைத் தாங்குவதில்தான், அதுவும் தோலை ஒட்டிய அந்த நார்களில். 5 மில்லி மூங்கில் தேக்கிடம் வந்தால், நான் நீளமாட்டேன், நீயே நசுங்கிக்கொள் என்று சொல்லிவிடும். அந்தச் சும்மா இருக்கிற இடம் முதுகுப் பக்கமாக நகர்ந்துபோய், பாரம் எல்லாம் வயிற்றில் விழும். தேக்கு நிலைக்கும் கதவுக்கும் ராஜா, வெயில் மழை தாங்கும், கறையான் தொடாது, எல்லாம் சரிதான். நசுக்குதலை இந்த அளவுக்குத் தாங்குகிற கட்டை அது இல்லை. அந்தக் கோடுகள் நார்கள் மடிந்துபோன இடங்கள். மடிந்த நார் திரும்ப நிமிராது.

நான் செய்கிற கணக்கு இது: கைப்பிடி ஓரத்தில் மூங்கில் 3 மில்லி, முனையில் ஒன்றரையில் இருந்து 2 மில்லி, நடுவில் படிப்படியாக இறங்கவேண்டும். இதைக்கூட நான் நடுக்கோட்டில்தான் அளக்கிறேன், ஏனென்றால் மூங்கில் முதுகு உருண்டையாக இருப்பதால் ஓரம் தானாகவே மெலிந்து கத்தி விளிம்பு மாதிரி வந்துவிடும், அப்படி வருவதுதான் சரி. பார்க்கிறவர்களுக்கு இவ்வளவு மெல்லியதா என்று பயம் வரும். 2 மில்லி மூங்கிலைக் கையில் பிடித்து இரண்டு முனையையும் இழுத்து அறுக்க முயன்று பாருங்கள், பயம் போய்விடும்.

இன்னொன்று, ஒரே சீராகத் தடிமன் விட்டால் கைப்பிடி ஓரத்தில்தான் எல்லா வளைவும் வந்து குவியும். உங்களுக்கு ஏழெட்டு அங்குலத்தில் கோடு விழுந்ததும் அதனால்தான். முனைப் பக்கம் வேலையே செய்யவில்லை.

காப்பாற்றுவது பற்றி: வில்லாக இது முடிந்தது. பட்டையைக் காப்பாற்றலாம். தேக்கை இழைப்புளியால் முழுக்கச் சீவி எடுங்கள், பசைக்கோடு தெரிந்ததும் அதையும் தாண்டி மூங்கிலுக்குள் இறங்கி 3 மில்லிக்குக் கொண்டுவாருங்கள். மூங்கிலில் மணல் சத்து உண்டு, உளியும் இழைப்புளி அலகும் சீக்கிரம் மழுங்கும், பத்து இழுப்புக்கு ஒருமுறை சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டே செய்யுங்கள். மழுங்கிய அலகு நாரைப் பிய்த்துவிடும்.

ஆவி பற்றிய கேள்விக்கு ஒரே பதில், வேண்டாம். எபாக்சி சூட்டில் இளகும். ஒட்டிய வில்லை ஆவியில் வைத்தால் முனையில் பசை வாயைத் திறக்கும். செய்து முடித்த பிறகும்கூட வெயிலில் நிற்கும் காருக்குள் வில்லை விட்டுப் போகாதீர்கள். முனை வளைவு ஒட்டுவதற்கு முன்போ, ஒட்டும்போதோ வரவேண்டும். அதைப் பற்றி அப்புறம் விரிவாக எழுதுகிறேன், இப்போது பட்டறையில் ஆள் காத்திருக்கிறார்.


மூங்கில்தோப்பு எழுதியது:

அண்ணா சொன்னதோடு மூங்கில் பக்கத்தில் இருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். எங்கள் குடும்பத்துக்குச் சத்தியமங்கலம் பக்கம் தோப்பு இருக்கிறது, ஏணிக்கும் பந்தலுக்கும் கொடுப்பது, வில்லுக்குப் பட்டை கேட்டு வருகிறவர்கள் வருடத்துக்கு ஓரிருவர்தான், ஆனால் அவர்கள்தான் ஒரு மூங்கிலை அரை மணி நேரம் தடவிப் பார்ப்பவர்கள்.

வேலி ஓர மூங்கில் என்கிறீர்களே, எத்தனை வயது, எப்போது வெட்டியது? ஒரு வயது இளங்குருத்தில் நார் பழுத்திருக்காது, நான்கு வயதுக்கு மேல் போனால் வெடிப்பு அதிகம். மூன்றில் இருந்து நான்கு வயது. தோல் பச்சையில் இருந்து மங்கிச் சாம்பல் பூத்திருக்கும், அடியில் இருக்கும் பாளை உதிர்ந்திருக்கும், விரலால் சுண்டினால் கணீர் என்று கேட்கும். மழைக்காலத்தில் வெட்டினால் உள்ளே ஈரம் நிறைய இருக்கும், வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். எங்கள் அப்பா தேய்பிறையில்தான் வெட்டவேண்டும் என்பார், நான் நிலவைப் பார்ப்பதில்லை, ஈரம் குறைந்த மாதமா என்று மட்டும் பார்ப்பேன்.

கல் மூங்கில் கெட்டியாச்சே, அதை ஏன் எடுக்கக்கூடாது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதன் குறுக்களவு சிறியது, அதனால் பட்டையின் முதுகு ரொம்பக் கூன் விழுந்திருக்கும். 35 மில்லி அகலத்தில் ஒரு பட்டை எடுத்து உள்பக்கத்தைத் தட்டையாக்கினால் ஓரத்தில் ஒன்றுமே மிஞ்சாது. அதற்குத்தான் முள் மூங்கில், அதுவும் 4, 5 அங்குலம் பருத்த அடிப்பாகம். வளைவு குறைந்து பட்டை கிட்டத்தட்டத் தட்டையாக வரும்.

கணு எங்கே விழுகிறது என்பதையும் வெட்டும்போதே பாருங்கள். கைப்பிடியின் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் கணுக்கள் ஏறக்குறைய ஒரே தூரத்தில் விழுமாறு பட்டையை முன்னே பின்னே நகர்த்திக் குறியுங்கள். ரிகர்வ் செய்வதாக இருந்தால் முனை வளைகிற இடத்தில் கணு வரவே கூடாது. கணுவில் நார் நேராக ஓடாமல் சுழித்துக்கொண்டு போகும், அங்கே வளைத்தால் சிராய் எழும். முதுகில் கணு புடைத்திருப்பதை மட்டமாகச் சீவித் தள்ளிவிடாதீர்கள், விளிம்பை மட்டும் உப்புத்தாளால் தடவி உருட்டினால் போதும். உள்பக்கம் இருக்கும் கணுத் தடுப்பை முழுக்க வெட்டி எறியலாம்.

உலர்த்துவது நிழலில், பிளந்த பட்டையாக. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போடுங்கள், இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அங்கே மரம் ஓர் அளவுக்குமேல் காயாது. ஒரு பெட்டிக்குள் குண்டு பல்பு போட்டு மிதமான சூட்டில் சில நாள் வைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு விஷயம், சொந்தப் பட்டா நிலத்து மூங்கிலை வெட்டத் தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017-இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளர்க்கும் மூங்கிலை மரம் என்ற வரையறையில் இருந்து எடுத்துவிட்டார்கள். காட்டுக்குள் போய் வெட்டுவது வேறு, அது இன்றும் குற்றம்தான்.


குற்றாலச்சாரல் எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மூங்கில் ஐப்பசி மழையில் சாய்ந்ததை அப்படியே வெட்டி எடுத்தது, வயது தெரியாது. அக்கா சொன்னதைப் படித்ததும் போய் மிச்சத் துண்டைப் பார்த்தேன், பொடி கொட்டியிருக்கிறது. ஆகவே புதுப் பட்டையே எடுக்கிறேன்.

வயிற்றுக்கு என்ன மரம் வைப்பது? வெளிநாட்டுக்காரர்கள் ஐப்பே, ஓசேஜ், ஹிக்கரி என்று எழுதுகிறார்கள். இங்கே மரக்கடையில் கேட்டால் முழிக்கிறார்கள். எனக்கு எதிரில் காடு காடாக நிற்பது சீமைக் கருவேலம்தான்.


இழைப்புளி எழுதியது:

அதையே எடுங்கள் தம்பி. ஆத்திரத்தோடு எல்லோரும் வெட்டி கரிமூட்டம் போடுகிற மரம், அதன் வைரம் எவ்வளவு கெட்டி என்று விறகு பிளந்தவர்களுக்குத் தெரியும். அதன் பங்காளியான மெஸ்கீட்டில் அமெரிக்காவில் வில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். காயும்போது சுருக்கம் குறைவு, அதனால் மற்ற கடின மரங்கள் அளவுக்கு வெடிக்காது. வெளியே இருக்கும் வெளிர்மஞ்சள் கட்டையை வண்டு அரிக்கும், அதைத் தள்ளிவிட்டு உள்ளே செம்பழுப்பாக இருக்கும் வைரத்தை மட்டும் எடுங்கள்.

கஷ்டம் என்னவென்றால் ஐந்தரை அடிக்கு நேரான துண்டு அதில் கிடைக்காது. அவசியமும் இல்லை. மூன்றடிக்கு நேரான துண்டு ஒன்று கிடைத்தால் அதை நெடுக்குவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரே மரத்து இரட்டையர்களாக இரண்டு கைக்கும் வைத்து, கைப்பிடியில் மீன்வால் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஒட்டுங்கள். மூட்டு 4 அங்குலமாவது இருக்கட்டும். கைப்பிடி வளையாத இடம், மேலே மூங்கில் முழு நீளத்துக்கும் ஓடுகிறது, பிடிக்குக் கீழே இன்னொரு கட்டையும் ஒட்டப்போகிறீர்கள், அந்த மூட்டு அசையாது. ஒரே மரத்தை இரண்டாகப் பிளந்தால் இரண்டு கைக்கும் ஒரே குணம் இருக்கும் என்பது கூடுதல் லாபம்.

புளியின் கருத்த வைரமும் நல்லதுதான், ஆனால் நார் பின்னிப் பிணைந்து கிடக்கும், இழைத்து முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். சவுக்கு நேராகக் கிடைக்கும், கனமும் உண்டு, காயும்போது நீளவாக்கில் பிளந்துகொள்ளும். எந்த மரமானாலும் வெட்டிய அன்றே இரண்டு முனைக்கும் பெயிண்டோ மெழுகோ பூசிவிடுங்கள், முனை வழியாகத்தான் ஈரம் ஓடிப்போய் வெடிக்கிறது.

இப்போது முனை வளைவு. கடினமான மரத்தை ஆவியில் வளைப்பது ஒரு வித்தை, சில மரங்கள் எவ்வளவு ஆவி கொடுத்தாலும் படீரென்று உடையும். அதனால் எனக்குப் பிடித்த வழி வாளால் கீறி வளைப்பது. வயிற்றுக் கட்டையின் முனை 8 மில்லி தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முனையில் இருந்து 7 அங்குலத்துக்கு, பட்டையாகப் பிளக்கிற திசையில், 1 மில்லி வாயுள்ள மெல்லிய வாளால் இரண்டு கீறல். இப்போது முனை 2 மில்லி தடிமனில் மூன்று ஏடுகளாக இருக்கும். கீறலுக்குள் 1 மில்லி வெனீர் (மெல்லிய மரத்தகடு) பட்டையைப் பசை தடவிச் செருகி, மேலே மூங்கிலையும் வைத்து, 6 அங்குல ஆரம் உள்ள அச்சுக்கட்டையில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் வளைத்துக் கட்டிவிடுங்கள். 2 மில்லி ஏடு அந்த ஆரத்தில் சூடே இல்லாமல் வளையும். பசை காய்ந்ததும் மூன்று ஏடும் ஒன்றாகிவிடும், பிறகு அது நிமிராது. கீறல் முடிகிற இடத்தில் சட்டென்று நின்றுவிடாமல் வெனீரின் நுனியைக் கூராக்கிச் செருகுங்கள், இல்லாவிட்டால் அங்கே ஒரு பொந்து நிற்கும்.

இந்த வளைந்த முனை வேலை செய்யவேண்டாம், விறைப்பாகவே நிற்கட்டும். முதல் ரிகர்வில் முனையும் வளைந்து விரியவேண்டும் என்று ஆசைப்பட்டால் கை முறுக்கிக்கொள்ளும், நாண் பக்கவாட்டில் நழுவும். அதற்கு ஏற்ப நீளம் வையுங்கள். நான் இழுவை நீளத்தைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு, அதோடு வளையாத பகுதிக்காகக் கொஞ்சம் என்று கணக்குப் போடுவேன். 28 அங்குல இழுவைக்கு 66 வையுங்கள், 64 நெருக்கடி.


கியூஷூவில்_இருந்து எழுதியது:

வேலைக்காக ஜப்பானின் தெற்கில் இருக்கிறேன், இந்த இழை கண்ணில் பட்டது. இங்கே மியாசாகி மாகாணத்தில் மியாகோனோஜோ என்று ஓர் ஊர், ஜப்பானில் செய்யும் மூங்கில் விற்களில் பெரும்பங்கு அங்கேதான் செய்கிறார்கள். ஒரு விடுமுறை நாளில் போய்ப் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் அதே பிரச்சினைக்கு அவர்கள் வேறு விதமாகப் பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்களுடைய யூமி வில்லில் முதுகும் மூங்கில், வயிறும் மூங்கில். நடுவில் தீயில் கருக்கிய மூங்கில் குச்சிகளை நெட்டாக அடுக்கி, இரண்டு ஓரத்திலும் ஹஸே என்கிற மெழுகு மர ரீப்பர் வைத்து ஒட்டுகிறார்கள். வில் ஆள் உயரத்தைவிடப் பெரியது, வழக்கமான அளவு 221 சென்டிமீட்டர். பிடி நடுவில் இல்லை, கீழே மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது.

எனக்கு மறக்காத காட்சி ஒட்டுகிற முறைதான். இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்றுகூட இல்லை. பசை தடவிய அடுக்கின்மேல் கயிற்றை இந்த முனையில் இருந்து அந்த முனை வரை சுற்றிக்கொண்டே போகிறார், சுற்றுக்குச் சுற்று கயிற்றின் கீழே ஒரு மூங்கில் ஆப்பைச் செருகிச் சுத்தியலால் அடிக்கிறார், நூறு பக்கம் ஆப்பு இருக்கும். எந்த ஆப்பை எவ்வளவு அடிக்கிறார் என்பதில்தான் வில்லின் வளைவே வருகிறது, பசை காய்வதற்குள் கயிறு சுற்றியபடியே எடுத்து எதிர்ப்பக்கமாக வளைத்துவிடுகிறார். நாணைக் கழற்றினால் அந்த வில் முன்னோக்கிப் பெரிதாக வளைந்து நிற்கும்.

பத்துப் பதினைந்து கிளாம்ப் வாங்கக் காசில்லாதவர்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன். வீட்டில் கயிறும் ஆப்பும் யாரிடமும் இருக்கும்.


இழைப்புளி எழுதியது:

அருமையான தகவல். நான் கயிற்றுக்குப் பதில் பஞ்சர் கடையில் தூக்கிப்போடும் சைக்கிள் டியூப்பை ஓர் அங்குல அகலத்தில் நெடுக நறுக்கிச் சுற்றுகிறேன், ரப்பர் தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அழுத்தமும் எல்லா இடத்திலும் சமமாக விழும். ஒன்று மட்டும் கவனம், எபாக்சிக்கு ரொம்ப இறுக்கவும் கூடாது, பசை எல்லாம் பிதுங்கி வெளியே ஓடிப்போய் இடையில் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். ஒட்டும் முகங்களை 60 நம்பர் உப்புத்தாளால் நெடுக்கில் கீறிவிட்டு, தின்னரால் துடைத்து, இரண்டு பக்கமும் பசை தடவுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், மெதுவாக இறுகும் அரால்டைட் எடுங்கள். தச்சு வேலைக்குப் போடும் வெள்ளைப் பசையில் சிலர் செய்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வளைவு கொடுத்து ஒட்டிய வில்லில் பசைக்கோடு எந்நேரமும் இழுபட்டுக்கொண்டே இருக்கும், சாதாரண வெள்ளைப் பசை அந்த நிலையில் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும்.


மூங்கில்தோப்பு எழுதியது:

அண்ணா, ஒரு சந்தேகம். போன வருடம் பட்டை வாங்கிப் போனவர் ஒருவர் மூங்கிலை மெலிதாக்காமல், முதுகின் அகலத்தைக் குறைத்தேன் என்றார். வயிறு 35 மில்லி அகலம், முதுகு 25 மில்லி, குறுக்கே வெட்டிப் பார்த்தால் சரிவகம் மாதிரி. அதுவும் இதே பிரச்சினைக்குத்தானா?


இழைப்புளி எழுதியது:

அதேதான் அம்மா. இழுபடும் நார்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் வயிற்றுக்கு மூச்சு விடக் கிடைக்கும். நான் இரண்டையும் சேர்த்தே செய்வேன், மூங்கிலையும் மெலிதாக்கி ஓரத்தையும் சாய்த்து இழைப்பேன். பட்டையில் நார் விளிம்புக்கு இணையாக நேராக ஓடினால் ஓரத்தைச் சாய்ப்பதில் ஆபத்து இல்லை. வில் முடிந்த பிறகு வயிறு திணறுவது தெரிந்தாலும் கோடு விழுவதற்கு முன் இதைச் செய்யலாம்.

இனி வளைவு சரிபார்க்கிற வேலை, டில்லரிங். தம்பி, உங்களை நான் அதிகம் கெஞ்சிக் கேட்பது இதில்தான். முதல் வில்லில் எத்தனை நாள் எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. ஒரே மாலையில் முடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் அப்படித்தான்.

வில்லின் விறைப்பு அகலத்தோடு சாதாரணமாக ஏறும், தடிமனோடு மும்மடிப் பெருக்கமாக ஏறும். 10 மில்லி இருக்கிற இடத்தை 9 ஆக்கினால் விறைப்பு பத்துச் சதவீதம் குறையாது, 27 சதவீதம் குறையும். ஒரு மில்லிக்கு இந்தக் கதை என்றால் அரம் எவ்வளவு ஆபத்தான ஆயுதம் என்று பாருங்கள். ஆரம்பத்தில் அரம், பாதி வளைந்ததும் அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுரண்டும் தகடு, கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டு. வயிற்றுப் பக்கம் மட்டும்தான் சுரண்டவேண்டும். மூங்கில் பக்கம் கை போகக்கூடாது.

சுவரில் ஒரு கட்டை அறைந்து கைப்பிடியை அதில் உட்காரவைத்து, கீழே ஒரு கப்பி, கப்பி வழியாகக் கயிறு, கயிற்றுக்கும் நாணுக்கும் நடுவில் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு. நீங்கள் எட்டடி தள்ளி நின்று இழுங்கள், வில் உடைந்தால் துண்டு நேராகப் பறக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் சுவரில் கரிக்கோட்டால் கட்டம் போட்டுவிட்டால் எந்தக் கை எங்கே அதிகம் மடிகிறது என்று தெரியும். முதலில் வில்லைவிட நீளமான நாணில் கொஞ்சமாக வளைத்துப் பாருங்கள், இரண்டு கையும் ஒத்து வந்த பிறகுதான் சரியான நாண் பூட்டவேண்டும். நாண் முதலில் பிடியில் இருந்து 3 அங்குலம், கடைசியில் 6 முதல் 7 அங்குலம் உயரத்தில் நிற்கட்டும்.

இரண்டு கட்டுப்பாடு. 18 கிலோ வேண்டுமென்றால் எந்த இழுவையிலும், பத்து அங்குலத்திலானாலும் சரி, தராசு 18-ஐத் தாண்டக்கூடாது. 14 அங்குலத்திலேயே 18 காட்டினால் அங்கே நிறுத்தி, சுரண்டி, மறுபடி. அடுத்தது, சுரண்டிய ஒவ்வொரு தடவையும், முழுதாக இழுக்காமல் கொஞ்சமாக இழுத்துத் தளர்த்துவதை முப்பது முறை செய்யுங்கள். எடுத்த மரத்தின் விளைவு உடனே தெரியாது, இந்த முப்பது இழுப்புக்குப் பிறகுதான் வெளியே வரும். இதை விட்டுவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று மறுபடி சுரண்டினால்தான் ஒரே இடத்தில் கீல் மாதிரி மடிந்துவிடுகிறது. கீழ்க்கை மேல்கையைவிட ஒரு பொடி விறைப்பாக இருக்கட்டும், பிடித்து எய்யும்போது கையின் அழுத்தம் கீழேதான் போகும்.

முனை அகலத்தை முதலிலேயே ஒல்லியாக்கிவிடாதீர்கள், 20 மில்லி விட்டு வையுங்கள். நாண் பூட்டினால் ரிகர்வில் கட்டாயம் ஒரு பக்கம் ஒதுங்கும். அப்போது நாண் மாட்டும் வெட்டையும் முனையின் பக்கவாட்டையும் அரத்தால் இழுத்து நாணை நடுவுக்குக் கொண்டுவரலாம். நாண் படுக்கிற முனை வயிற்றில் நடுக்கோட்டில் ஆழமில்லாத ஒரு பள்ளம் போட்டுவிட்டால் நாண் அதில் உட்கார்ந்துகொள்ளும். நைலான் கயிறு வேண்டாம், இழுபட்டுக்கொண்டே போகும், டேக்ரான் நூலில் பதினான்கு இழை முறுக்குங்கள்.


குற்றாலச்சாரல் எழுதியது:

நான்கு மாதம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். எல்லாவற்றையும் அச்சடித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்துச் செய்தேன்.

பக்கத்து ஊரில் கரிமூட்டம் போடுபவர் கொட்டகையில் இரண்டு வருடமாகக் கிடந்த சீமைக் கருவேலத் துண்டு கிடைத்தது, மூன்றேகால் அடி. பிளந்தபோது உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. மீன்வால் மூட்டு மூன்றாவது முயற்சியில்தான் வெளிச்சம் தெரியாமல் பொருந்தியது. மூங்கில் அக்கா சொன்ன கணக்கில் தை மாதம் வெட்டிய பட்டை, நடுவில் 3, முனையில் ஒன்றே முக்கால் மில்லி. இரண்டு கீறல், வெனீர், சைக்கிள் டியூப், எல்லாம் அண்ணா சொன்னபடி. ஒரு முனையில் வெனீர் நுனியைக் கூராக்க மறந்து சின்னப் பொந்து நின்றது, அதில் மரத்தூளும் எபாக்சியும் கலந்து அடைத்து, மேலே மெல்லிய எருமைக் கொம்புத் துண்டு ஒட்டியிருக்கிறேன்.

டில்லரிங் மட்டும் ஒன்பது ஞாயிறு. முந்தைய வில்லில் நீங்கள் சொன்னது போல ஒரே மாலைதான். 28 அங்குலத்தில் 17 கிலோ காட்டுகிறது. ஒட்டும்போது கொடுத்த இரண்டரை அங்குல வளைவில் ஒன்றரை மிஞ்சியிருக்கிறது. வயிற்றை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஒரு கோடுகூட இல்லை. முந்நூறு அம்புக்கு மேல் எய்தாகிவிட்டது.

ஒன்றுதான் உறுத்துகிறது. முழு இழுவையில் மேல்முனை ஒரு நூல் அளவு இடப்பக்கம் சாய்கிறது, நாண் பள்ளத்தை விட்டு வெளியே போகவில்லை, ஆனால் எய்யும்போது ஒரு மெல்லிய தட்டல் சத்தம் வருகிறது.


இழைப்புளி எழுதியது:

படித்துவிட்டுப் பட்டறையில் இருந்தவர்களிடம் எல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டினேன் தம்பி. தட்டல் சத்தம் நாண் பள்ளத்தின் வாயில் அடிப்பதாக இருக்கும், பள்ளத்தின் உள் ஓரம் கூராக நின்றால் அப்படித்தான் கேட்கும். அந்த ஓரத்தைத் தாளால் உருட்டிவிட்டு, பள்ளத்தின் தொடக்கத்தில் ஒரு சிறிய தோல் துண்டை ஒட்டிப் பாருங்கள். சாய்வைத் தொடுவதற்கு முன் நாண் பூட்டிய நிலையில் மேல்முனையை நேர்மேலிருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்க்காமல் எந்தப் பக்கம் சுரண்டு என்று சொல்ல எனக்கு மனசு வராது.